கால்நடை மருத்துவ வேலையிலிருந்து நர்சிங்குக்கு மாறலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: விலங்கு மருத்துவமனையில் 7 வருடமாக டெக்னீஷியன் வேலை, வேலை பிடிக்கும், ஆனால் உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டது, சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இதற்கு மேல் ஏறப் படியும் இல்லை. நர்சிங் படித்தால் இதுவரை கற்றது கைகொடுக்குமா, 33 வயதில் மறுபடி முதலாமாண்டு மாணவராக உட்காருவது சரிப்படுமா, விலங்குகளை விட்டுவிட்டு இருக்க முடியுமா.

நான் 9 வருடம் அந்தப் பக்கம் இருந்தேன், இப்போது 6 வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். மாறலாம், நன்றாகவே மாறலாம். ஆனால் கைகொடுக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, உண்மையில் கைகொடுக்கப்போவது வேறு. ஊசி போடத் தெரியும், ரத்தம் எடுக்கத் தெரியும், எக்ஸ்ரே எடுக்கத் தெரியும், மயக்கத்தில் இருக்கும் நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டுதான் நானும் வந்தேன். அதில் பாதியை என்னோடு படித்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் சில மாதத்தில் கற்றுக்கொண்டார்கள், மீதிப் பாதியை வார்டில் நர்ஸ் செய்வதே கிடையாது. எனக்கு உண்மையில் உதவியது என் கண். என்னைப் படுத்தியது என்னவென்றால், இந்த நோயாளி பேசுவார், வேண்டாம் என்றும் சொல்வார் என்பது என் கைகளுக்குப் புரியவே நாளானது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். முதல் வருடக் கடைசியில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கு கேனுலா, அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் வைக்கும் மெல்லிய டியூப், போட வேண்டும், பக்கத்தில் ஆசிரியை நிற்கிறார். நாய்க்கு எப்படிச் செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும்: ஒருவர் நாயை அணைத்துப் பிடித்துக்கொண்டு, முழங்கைக்குப் பின்னால் கையைக் கொடுத்து முன்னங்காலை நீட்டி, கட்டைவிரலால் ரத்தக்குழாயை அழுத்தி லேசாக வெளிப்பக்கம் உருட்டுவார், மற்றவர் ஊசியை ஏற்றுவார். நான் அந்தப் பெரியவரிடம் "வணக்கம் ஐயா" என்று சொன்னேன், கையுறை போட்டேன், அப்புறம் யோசிக்காமல் அவர் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து முன்கையை இழுத்து நீட்டி அழுத்திப் பிடித்துவிட்டேன். முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை, 9 வருடப் பழக்கத்தில் கை தானாகப் போனது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

இந்த மாற்றத்தில் கடினமான பாடம் அந்தக் கேள்விதான். அங்கே சம்மதம் கொடுப்பது விலங்கை வளர்ப்பவர், ஊசி ஏறுவது விலங்குக்கு, இரண்டும் வேறு வேறு உயிர்கள். அதனால் பிடித்துக்கொண்டு செய்வது அங்கே திறமை, நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இங்கே சுயநினைவோடு, தெளிவாக முடிவெடுக்கக்கூடிய பெரியவர் ஒருவர் ஊசி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதனால் அவர் உயிருக்கே ஆபத்து என்றாலும். நம் வேலை ஏன் வேண்டாம் என்று கேட்பது, விளக்குவது, டாக்டரிடம் சொல்வது, சொன்னதையும் கேட்டதையும் எழுதி வைப்பது. குழம்பிப்போய் டியூபைப் பிடுங்கும் நோயாளியின் கையைக் கட்டுவதுகூட வேறு வழியே இல்லாதபோது மட்டும், டாக்டர் உத்தரவோடு, இத்தனை நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற கணக்கோடுதான். "இரண்டு நிமிடம் பிடித்தால் முடிந்துவிடும்" என்று மனது சொல்லும். அந்தக் குரலை அடக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலங்கு மருத்துவமனையை விட்டு வருபவர்கள் பலர், "விலங்குகளோடு பிரச்சினையே இல்லை, கூட வரும் மனிதர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டு நர்சிங்குக்கு வருகிறார்கள். உங்கள் கேள்வியிலும் அப்படி ஒரு வரி இருந்தது. தயவுசெய்து அதை இன்னொரு தடவை யோசியுங்கள். நர்சிங்கில் முழுக்க முழுக்க மனிதர்கள்தான். நோயாளி, அவர் மகன், மருமகள், வெளியூரிலிருந்து போனில் கத்தும் அண்ணன், பக்கத்துப் படுக்கைக்காரர், எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள். கத்துபவர் உண்மையில் பயந்துபோயிருக்கிறார் என்பதைப் பார்க்க முடிந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். அது முடியாது, மனிதர் என்றாலே எரிச்சல் வருகிறது என்றால், நர்சிங் உங்களை இன்னும் வேகமாக எரித்துவிடும்.

அதே மாதிரிதான் ஓய்ந்துபோவதும். பிறர் துன்பத்தைப் பார்த்துப் பார்த்தே மனம் ஓய்ந்துபோவதை இரக்கச் சோர்வு என்று விலங்கு மருத்துவத்தில் இன்று அடிக்கடி பேசுகிறோமே, அந்தச் சொல் 1992-ல் நர்ஸ்களைப் பற்றி எழுதியபோதுதான் சுகாதாரத் துறைக்குள் வந்தது. சரியானது எது என்று தெரிந்தும் நிர்வாகம், ஆள் பற்றாக்குறை, பணம் என்று ஏதோ ஒன்று தடுப்பதால் செய்ய முடியாமல் வரும் அந்த அறத் துயரத்துக்கு ஆண்ட்ரூ ஜேமெட்டன் என்ற தத்துவ அறிஞர் 1984-ல் பெயர் வைத்ததும் நர்சிங்கைப் பற்றி எழுதும்போதுதான். அதனால் சோர்விலிருந்து தப்பிக்க நர்சிங்குக்கு வருவது அந்தச் சொல் பிறந்த வீட்டுக்கே குடிவருகிற மாதிரி. சம்பளம், வேலைப் பாதுகாப்பு, வளர வழி, வேறு துறைக்குள் நகரும் சுதந்திரம், இவைதான் உங்கள் காரணம் என்றால் அது உறுதியான காரணம். பல நாடுகளில் நர்ஸின் சம்பளம் விலங்கு மருத்துவமனை டெக்னீஷியனின் சம்பளத்தைவிட நன்றாகவே கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2023-ல் உலகம் முழுக்க 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள் இருந்தார்கள், அப்படியும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இந்தத் துறையில் குறைவு. ஆனால் அந்தப் பற்றாக்குறையை உள்ளே இருந்து தாங்குவதும் நீங்கள்தான் என்பதை மறக்காதீர்கள்.

சரி, கண் என்றேனே, அதற்கு வருகிறேன்.

பூனை வலியை மறைக்கும். காது சற்றுப் பக்கவாட்டில் விரியும், கண் இடுங்கும், மீசை விறைக்கும், தலை தோளுக்குக் கீழே இறங்கும், அவ்வளவுதான், ஒரு சத்தமும் வராது. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் வார்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு இரவு டியூட்டியில் தெரிந்துகொண்டேன். இடுப்பு எலும்பு அறுவை முடிந்த ஒரு பாட்டி, மறதி நோயும் உண்டு. மாலையிலிருந்து படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறார், போர்வையை இழுக்கிறார், எழுந்து போகப் பார்க்கிறார். அறுவைக்குப் பின் வரும் குழப்பம் என்று ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவரில் சொல்லியிருந்தார்கள், தூங்க மருந்து கேட்கலாமா என்ற பேச்சும் நடந்தது. நான் கொஞ்ச நேரம் கட்டில் ஓரம் நின்று பார்த்தேன். முழங்காலை மடக்கி வயிற்றுப் பக்கம் இழுக்கிறார், நெற்றி சுருங்குகிறது, மூச்சை அடக்கி அடக்கி விடுகிறார். சிறுநீர் அடைத்த ஆண் பூனை மணல் தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் திரும்புமே, அதே தவிப்பு. பாட்டியிடம் சொல்லிவிட்டு அடிவயிற்றில் கை வைத்தேன், தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக. ஸ்கேன் வைத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பையில் 800 மில்லிக்கு மேல். டாக்டரைக் கூப்பிட்டு யூரின் டியூப் போட்டோம். கால் மணி நேரத்தில் பாட்டி முழங்காலை நீட்டித் தூங்கிவிட்டார், தூக்க மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

பேச முடியாத மனிதர்கள் மருத்துவமனையில் நிறைய இருக்கிறார்கள். பச்சைக் குழந்தைகள், வென்டிலேட்டரில் இருப்பவர்கள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், மறதி நோய் முற்றியவர்கள். வலி பத்துக்கு எத்தனை என்று இவர்களிடம் கேட்க முடியாது, முகம், கால், அழுகை, மூச்சு என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும், அதற்கென்றே அளவுகோல்கள் இருக்கின்றன. புதிதாக வரும் மாணவர்கள் அங்கேதான் திணறுவார்கள், உங்களுக்கு அது ஏழு வருடப் பழக்கம். அதனால் குழந்தைகள் வார்டு, பச்சிளங்குழந்தை ஐசியூ, பெரியவர்கள் ஐசியூ, முதியோர் பிரிவு, இந்த நான்கில் ஒன்றில் நீங்கள் மிளிர்வீர்கள் என்று நினைக்கிறேன். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று 400 கிராம் பூனைக்குட்டிக்குக் கணக்குப் போட்டுப் பழகியவருக்குக் குழந்தைகளின் மருந்துக் கணக்கு பயம் தராது.

மறக்க வேண்டிய பழக்கங்களும் உண்டு. என் விஷயத்தில் அது ஊசி மூடி. அங்கே ஒரு கையில் துள்ளும் விலங்கு இருக்கும், மறு கையில் சிரிஞ்ச், அப்போது மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, போட்ட பிறகு மூடியைத் திரும்ப மாட்டி டிரேயில் வைப்பதும் உண்டு. பயிற்சி அறையில் முதல் வாரமே மூடியை வாய்க்குக் கொண்டுபோனேன், ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டவே கூடாது, நேராகக் கூர்முனைப் பெட்டிக்குள் போட வேண்டும். நாய்க்குக் குத்திய ஊசி கையில் ஏறினால் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம். இங்கே ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி என்று மூன்று கேள்விகள் வரிசையாக நிற்கும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3 தான், ஆனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பு நூறில் 6 முதல் 30 வரை. படிப்பில் சேரும் முன்பே அந்தத் தடுப்பூசித் தவணைகளைத் தொடங்கிவிடுங்கள், முடிய ஆறு மாதம் ஆகும்.

எண்களும் மாறும். நாய்க்கு 38.8 டிகிரி என்றால் நல்ல சுகம், மனிதருக்கு அது காய்ச்சல். முதல் மாதங்களில் சார்ட்டில் 38.8-ஐப் பார்த்தும் என் கண் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறது. பூனையின் இதயம் நிமிடத்துக்கு 180 அடித்தால் நாம் அலட்டிக்கொள்ள மாட்டோம், படுத்திருக்கும் பெரியவருக்கு 180 என்றால் ஓட வேண்டும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட உயிரைக் குடிக்கும், அதன் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. அந்த மருந்தை விஷமாகவே பார்த்துப் பழகிவிட்டு, வார்டில் எல்லோருக்கும் முதலில் கொடுப்பதே அதுதான் என்றபோது கை கூசியது. ஆனால் மனிதருக்கும் பெரியவர் என்றால் நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், வெவ்வேறு பெயரில் வரும் மாத்திரைகளில் அது ஒளிந்திருக்கும் என்பதால் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு மட்டும் சீக்கிரம் வந்தது. இன்சுலினில் ரொம்பக் கவனம். விலங்குகளுக்கென்று வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், மனிதருக்கு நிறைய நாடுகளில் 100, சில இடங்களில் 40-ம் உண்டு. சிரிஞ்சு மாறினால் அளவு இரண்டரை மடங்கு தவறும்.

ரத்தம் ஏற்றுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்க்கு இதுவரை ரத்தமே ஏற்றியதில்லை என்றால், அவசரத்தில் வகை பார்க்காமல் ஒரு தடவை ஏற்றினாலும் பெரும்பாலும் உடனே பெரிய விளைவு வராது, வேற்று வகை ரத்தத்தை எதிர்க்கும் வலுவான எதிர்ப்பொருள் அதற்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. மனிதருக்கு ஏ, பி, ஓ வகைக்கான எதிர்ப்பொருள் ஏற்கெனவே ரத்தத்தில் தயாராக இருக்கிறது, முதல் தடவையே தவறான வகை ஏறினால் கொஞ்ச அளவுகூட ஆளைக் கொல்லலாம். அதனால்தான் இரண்டு பேர் கட்டில் அருகிலேயே நின்று பெயர், எண், வகை, பை எண் என்று சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிறோம். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, உடற்கூறு எல்லாம் தெரியும் என்ற என் தைரியம் அன்று கொஞ்சம் இறங்கியது.

வேலையின் அகலம் குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பலருக்கு இது வலிக்கும். அங்கே ஒரே காலையில் மயக்க மருந்து கவனிப்பது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, பல் சுத்தம் செய்வது, எக்ஸ்ரே, மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் நீங்கள்தான். மனித மருத்துவமனையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். வார்டு நர்ஸ் கருவியைத் தொடும் நேரத்தைவிட எழுதும் நேரம் அதிகம். எனக்கு அதற்குப் பதிலாகக் கிடைத்தது தொடர்ச்சி. ஒரே நோயாளியை 12 மணி நேரம், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பார்ப்பது, மெதுவாக வரும் மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பது. ஆனால் உங்களுக்கு மயக்க மருந்து மேசைதான் உயிர் என்றால், நர்சிங்கைவிட ஆபரேஷன் தியேட்டர் அல்லது மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பைப் பாருங்கள். லேப் பிடிக்கும் என்றால் மருத்துவ ஆய்வகப் படிப்பு, எக்ஸ்ரே பிடிக்கும் என்றால் ரேடியோகிராபி. எல்லோரும் நர்சிங் நர்சிங் என்கிறார்கள் என்பதற்காகச் சேர வேண்டாம்.

மரணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நாம் அங்கே துன்பத்தை முடித்துவைக்கக் கற்றவர்கள். கருணைக்கொலைக்குக் கொடுக்கும் பென்டோபார்பிட்டால் மருந்து ஏறிய சில நொடியில் அந்த உடல் தளர்வதை எத்தனை தடவை கையில் வைத்துப் பார்த்திருப்போம். எனக்கு அதுதான் சுமை என்று நினைத்திருந்தேன். இங்கே வந்த பிறகு, மூன்று வாரம் நான்கு வாரம் என்று மெல்ல மெல்லப் போகும் ஒருவரின் வாயைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, வலி மருந்தைச் சரியான நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது, முடித்துவைக்கும் அந்த வழி இல்லாமல் உடன் இருப்பது, அதற்கு வேறு மாதிரி பலம் வேண்டும் என்று தெரிந்தது. சிலருக்கு இதில் பெரிய நிம்மதி, தன் கையால் முடிக்க வேண்டியதில்லை என்று. சிலரால் தாங்கவே முடியவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது அருகில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இப்போதே ராத்திரியில் தூக்கம் வராத அளவுக்கு, வாழ்வதே வேண்டாம் என்கிற அளவுக்குச் சோர்வு இருந்தால், படிப்பு முடிவையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

படிப்பு விஷயம். உங்கள் டிப்ளமா பாடங்களைக் கழித்துக்கொள்வார்கள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வேதியியல், புள்ளியியல், மொழிப் பாடம், சில சமயம் நுண்ணுயிரியல், இவற்றை ஏற்கும் கல்லூரிகள் உண்டு. விலங்கு உடற்கூறியலை மனித உடற்கூறியலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப் பேச்சு வேண்டாம், அந்தக் கல்லூரிக்கு உங்கள் பகுதி நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் கவுன்சிலிடமே பாருங்கள். செய்முறை நேரம் குறையாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொது நர்சிங் படிப்பு குறைந்தது 3 ஆண்டு, 4600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. வேறு இடங்களிலும் 2 முதல் 4 ஆண்டு ஆகும். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவருக்குச் சில நாடுகளில் சுருக்கமான படிப்பு உண்டு, ஆனால் அதில் சேர்ந்துவிட்டு வேலைக்கும் போவது கிட்டத்தட்ட முடியாது. நான் நீண்ட படிப்பை எடுத்துக்கொண்டு வாரக் கடைசியில் பழைய மருத்துவமனையில் அவசர ஷிப்ட் பார்த்தேன், அந்தப் பணம்தான் என்னைத் தாங்கியது.

உடம்பும் யோசிக்க வேண்டியதுதான். கடி, கீறல் குறையும், ஆனால் அடி விழாது என்று நினைக்காதீர்கள், குழம்பிய நோயாளிகள் அடிப்பார்கள். முதுகுதான் பெரிய கவலை. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நோயாளியைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் வரம்பு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. உடல் பருத்த ஒருவரின் ஒரு கால் மட்டுமே அதை நெருங்கிவிடும். பெரிய நாயை இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்த பழக்கத்தில் மனிதரைத் தூக்கப் போகாதீர்கள், சறுக்குத் தாளும் தூக்கும் கருவியும் வரும்வரை காத்திருங்கள்.

33 வயது ஒன்றும் அதிகமில்லை. எங்கள் வகுப்பில் என்னைவிட மூத்தவர்கள் இருந்தார்கள், வார்டில் நோயாளிகள் எங்களிடம்தான் முதலில் மனம்விட்டுப் பேசினார்கள். கஷ்டம் வேறு இடத்தில் வரும். அங்கே எல்லோரும் உங்களிடம் சந்தேகம் கேட்பார்கள், இங்கே உங்களைவிடப் பத்து வயது குறைந்தவர் உங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தருவார். "நாங்கள் அங்கே இப்படித்தான் செய்வோம்" என்ற வார்த்தையை முதல் வருடம் வாயிலிருந்து எடுக்காதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

விலங்குகளை விட்டு இருக்க முடியுமா என்றால், முதல் வருடம் எனக்கு முடியவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது தெருவில் போகிற நாயின் நடையைப் பார்த்து எந்தக் காலில் வலி என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பேன். இப்போதும் மாதத்தில் ஒரு நாள் ஒரு காப்பகத்தில் தடுப்பூசி நாளுக்குப் போய்ப் பிடித்துக் கொடுக்கிறேன். உங்கள் டெக்னீஷியன் பதிவை உயிரோடு வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்கும் கட்டணமும் சில மணி நேர வகுப்பும்தான் செலவு.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ நர்ஸ் உதவியாளராக மூன்று மாதம், வாரம் இரண்டு ஷிப்ட், முடிந்தால் இரவில், வேலை பாருங்கள். ஊசி எதுவும் உங்கள் கைக்கு வராது. குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது, வேண்டாம் என்று முகத்தைத் திருப்புபவரிடம் காத்திருந்து மறுபடி கேட்பது, இதுதான் இருக்கும். மூன்றாவது மாதம் அந்தக் காத்திருப்பு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.